தொலைகடற் பயணமும் அலுமினியப் படகும்



அலுமினியம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது அடுக்களையே. சோறு வடிக்கும் குண்டான், பால் காய்ச்சும் சட்டி, தோட்டத் தொழிலாளியின் தூக்குவாளி, பள்ளிப் பிள்ளையின் உணவுப் பெட்டி ஆகியவற்றின் வாயிலாகவே நாம் அதனை அறிந்திருக்கிறோம். செம்புக்கும் பித்தளைக்கும் வெண்கலத்திற்கும் நம் வீடுகளில் இருந்த மதிப்பு அதற்கு என்றுமே கிட்டியதில்லை. விலை மலிவு, கனம் குறைவு, கீழே விழுந்தால் நெளியும் என்பனவே அதனைப் பற்றி நாம் கூறும் செய்திகள்.

ஆயினும் இந்த எளிய உலோகம், உலகின் கடுமையான கடல்களில் மனித உயிர்களைத் தாங்கிச் செல்லும் படகாகவும் விளங்குகின்றது. பனிக்கட்டி மிதக்கும் துருவக் கடல்களுக்கும், வரைபடத்தில் ஆழம் சரிவரக் குறிக்கப்படாத தீவுக் கரைகளுக்கும் செல்லும் மாலுமிகள் பலர், மரத்தையும் கண்ணாடி இழையையும் எஃகையும் விடுத்து அலுமினியத்தையே தேர்ந்தெடுக்கின்றனர். அதற்குக் காரணம் யாது? அதன் நன்மைகள் எவை? அதனிடம் நாம் அஞ்ச வேண்டியவை எவை? இவற்றை விளக்குவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

மலை தந்த மரமும் மின்சாரமும்

கடலைப் பற்றிய பேச்சை மலையிலிருந்து தொடங்குவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் படகு பிறக்கும் இடம் பெரும்பாலும் மலையே. பாலக்காட்டுக்கும் இடுக்கிக்கும் நம் தமிழ் மாவட்டங்களுக்கும் இடையே எல்லையாக நிற்கும் மலைத் தொடர், இரு வேறு காலங்களில் இரு வேறு பொருள்களைக் கீழே அனுப்பி வைத்தது.

முதலாவது, மரம். பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாகச் சென்றால் பரம்பிக்குளம் வந்துவிடும். அது பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்குள்ள தேக்குக் காடு புகழ் பெற்றது. அக்காட்டு மரங்களைச் சாலக்குடிக்கு இறக்குவதற்காகவே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொச்சி சமஸ்தானத்தார் மலைச் சரிவில் ஒரு டிராம் பாதை அமைத்தனர். அது 1963-ஆம் ஆண்டு வரை இயங்கியது. தேக்கும் அயினியும் மேற்குக் கரையின் கலம் கட்டுவோருக்கு உயிர் போன்றவை. கோழிக்கோட்டை அடுத்த பேப்பூரில் கட்டப்பட்டு அரபு நாடுகளுக்குச் சென்ற உருக்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் மரத்தால் ஆனவையே.

இரண்டாவது, மின்சாரம். இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றுக்கு அருகே முதிரப்புழை ஆற்றின் வீழ்ச்சியைக் கொண்டு 1940-ஆம் ஆண்டில் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் அதுவே. சுற்றியுள்ள தேயிலை மலைகளில் உழைத்து வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் தமிழ் மக்கள். அம்மலையிலிருந்து இறங்கிய மின்சாரத்தைக் கொண்டு, ஆலுவாவுக்கு அருகிலுள்ள அலுபுரத்தில் இந்தியன் அலுமினியம் கம்பெனியார் 1943-ஆம் ஆண்டில் அலுமினியம் உருக்கத் தொடங்கினர். இந்திய மண்ணில் அலுமினியம் உருக்கிய முதல் ஆலை அதுவாகும். முதிரப்புழை பெரியாற்றில் கலக்கிறது. பெரியாறு ஆலுவாவைக் கடந்து கடலை அடைகிறது. ஆகவே மலையில் மின்சாரத்தைத் தந்த நீரே, கீழே அதனால் உலோகம் உருவான ஊரையும் தழுவிச் சென்றது எனலாம். பின்னர் 1965-ஆம் ஆண்டில் நம் சேலம் மாவட்டத்து மேட்டூரிலும், சேர்வராயன் மலை, கொல்லி மலை ஆகியவற்றின் பாக்சைட்டுக் கனியைக் கொண்டு அலுமினிய உற்பத்தி தொடங்கிற்று.

அலுமினியத்திற்கு மின்சாரம் ஏன் இன்றியமையாதது? இரும்பைக் கரியால் உருக்கிப் பிரிக்கலாம். அலுமினியம் ஆக்சிஜனை அவ்வளவு எளிதில் விடுவதில்லை. அமெரிக்காவில் ஹால் என்பவரும் பிரான்சில் எரூ என்பவரும் 1886-ஆம் ஆண்டில் தனித்தனியே கண்டறிந்த மின்பகுப்பு முறையே இன்றும் கைக்கொள்ளப் பெறுகிறது. ஒரு டன் அலுமினியம் பெறச் சுமார் 14,000 யூனிட் மின்சாரம் வேண்டும். மாதம் 100 யூனிட் செலவிடும் ஒரு குடும்பத்திற்கு அது பதினோர் ஆண்டுகளுக்கு மேல் போதுமானது. ஆற்றலை இவ்வளவு விழுங்கிப் பிறக்கும் உலோகத்தை எங்கே பயன்படுத்துவது தகும் என்பது சிந்திக்கத்தக்க கேள்வி.

தொலைகடற் பயணம் என்பது யாது?

கடற்கரை ஓரமாக மாலையில் பாய் விரித்துச் சென்று திரும்புவது ஒன்று. கரையே காணாமல் வாரக் கணக்கில் செல்வது மற்றொன்று. இரண்டாவது வகைப் பயணத்திற்குரிய பாய்மரப் படகு பன்னிரண்டு முதல் இருபது மீட்டர் வரை நீளமுடையதாக இருக்கும். அதில் இருவர், நால்வர், மிகுந்தால் எண்மர் செல்வர். உணவு, நீர், எண்ணெய், மருந்து, மாற்றுப் பாய், பழுது பார்க்கும் கருவி யாவும் அதிலேயே அடங்க வேண்டும். இடர் நேர்ந்தால் உதவி வந்து சேரப் பல நாட்கள் ஆகலாம்.

இத்தகைய பயணம் நமக்கு அந்நியமானதன்று. இந்தியக் கடற்படையின் 'தாரிணி' என்னும் பதினேழு மீட்டர்ப் பாய்க்கலத்தில், கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும், லெப்டினன்ட் கமாண்டர் பதவி வகிக்கும் இருவர் மட்டுமாக, 2024 அக்டோபர் 2-ஆம் நாள் கோவாவிலிருந்து புறப்பட்டனர். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பாக்லாந்துத் தீவுகள், தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களில் தங்கி, தென் அமெரிக்காவின் ஹார்ன் முனையைச் சுற்றி, 25,000 கடல் மைல்களுக்கு மேல் கடந்து, 2025 மே மாத இறுதியில் கோவா திரும்பினர். தமிழும் மலையாளமும் வழங்கும் ஊர்களிலிருந்து சென்ற இவ்விருவரின் சாதனை நாம் அனைவரும் பெருமை கொள்ளத்தக்கது.

இங்கே ஒன்றை நேர்மையாகக் கூற வேண்டும். தாரிணி அலுமினியப் படகன்று. மர உள்ளீட்டின் மீது கண்ணாடி இழை போர்த்திக் கோவாவில் கட்டப்பட்டது. ஆகவே அலுமினியம் இல்லாமல் உலகைச் சுற்ற இயலாது என்று எவரும் கூற இயலாது. ஆழ்ந்த, திறந்த கடலில் நன்கு கட்டப்பட்ட எந்தப் படகும் செல்லும். பனிக்கட்டியும் பாறையும் ஆழமற்ற கழிமுகமும் உள்ள இடங்களுக்கு, அதாவது படகு எதன் மீதேனும் மோதக்கூடும் என்று முன்கூட்டியே தெரிந்த இடங்களுக்குச் செல்லும்போதுதான் அலுமினியத்தின் தனிச் சிறப்பு வெளிப்படுகிறது.

உடையாமல் நெளியும் குணம்

அதன் முதற் சிறப்பு, நாம் குறை என்று கருதும் குணமே. அலுமினியச் சட்டி கீழே விழுந்தால் நெளிகிறது. பீங்கான் விழுந்தால் உடைகிறது. நெளிந்த சட்டியில் தண்ணீர் நிற்கும். உடைந்த பீங்கானில் நிற்காது. படகின் வரலாறும் அதுவே. கண்ணாடி இழைத் தகடு, தன் நீளத்தில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு நீள்வதற்குள் முறிந்துவிடும். கடலுக்குரிய அலுமினியத் தகடோ நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் நீண்ட பின்னரே கிழியும். நீரில் பாதி மூழ்கி மிதக்கும் மரத்தின் மீதோ, கப்பலிலிருந்து வீழ்ந்த சரக்குப் பெட்டியின் மீதோ, பவளப் பாறையின் மீதோ இரவில் மோத நேர்ந்தால், தகடு குழியும். உள்ளே நீர் புகாது. மாலுமி அடுத்த துறைமுகம் வரை சென்று அக்குழியை ஆற அமர நிமிர்த்திக் கொள்ளலாம்.

எஃகும் இவ்வாறு நெளியக்கூடியதுதான். வலிமையில் அலுமினியத்தையும் மிஞ்சுவது. ஆனால் சாதாரண எஃகு கடுங்குளிரில் நொறுங்கும் தன்மை அடைகிறது. அலுமினியத்திற்கு அந்தக் குறை இல்லை. குளிர் மிகுந்தாலும் அதன் இழுபடும் குணம் குன்றுவதில்லை. துருவப் பயணிகள் அதனை நாடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கனக் குறைவினால் விளையும் நன்மை

ஒரே அளவுள்ள எஃகுத் துண்டு 7.85 கிலோ எடை இருக்குமாயின், அலுமினியத் துண்டு 2.7 கிலோவே இருக்கும். எனினும் படகு மூன்றில் ஒரு பங்காக இளைத்துவிடும் என்று எண்ணுதல் தவறு. அலுமினியத்தின் விறைப்பும் எஃகில் மூன்றில் ஒரு பங்கே ஆதலால், தகட்டை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தடிப்பாக வைக்க வேண்டும். வங்குக் கால்களையும் நெருக்கி அமைக்க வேண்டும். அவ்வாறு அமைத்த பின்னரும், எஃகில் பத்து டன் ஆகும் உடற்கூடு அலுமினியத்தில் ஐந்து, ஆறு டன்னில் முடிந்துவிடும்.

மிச்சமாகும் நான்கு டன்னை நீராகக் கணக்கிட்டுப் பாருங்கள். அது நாலாயிரம் லிட்டர். இருவர் சேர்ந்து நாளொன்றுக்குப் பத்து லிட்டர் செலவிட்டால் நானூறு நாட்களுக்குப் போதும். அவ்வளவு நீரை எவரும் ஏற்றுவதில்லை. அதற்கு மாறாக எண்ணெயும் உணவும் மாற்று உறுப்புகளும் ஏற்றலாம். அல்லது ஏற்றாமல் விட்டு, மெல்லிய காற்றிலும் விரைந்து செல்லலாம். புயல் வருமுன் ஒரு நாள் முன்னதாகத் துறைமுகம் சேர்வதும் ஒரு பாதுகாப்பே.

கனம் குறைந்த படகுக்கு ஆழமும் குறைவாகவே தேவைப்படும். மேலே தூக்கிக்கொள்ளக்கூடிய ஏராவை, அதாவது படகின் அடிப்பகுதியில் நீருக்குள் இறங்கி நிற்கும் பலகையை, அலுமினியப் படகில் வலுவாகப் பொருத்த இயலும். ஏராவைத் தூக்கிவிட்டால் ஒரு மீட்டர் ஆழத்திலும் சில படகுகள் செல்லும். ஓதம் வற்றும்போது மணலில் சாயாமல் அமரும். ஓதம் பெருகும்போது மீண்டும் மிதக்கும். நம் பாக் நீரிணையின் ஆழமற்ற நீர்ப்பரப்பை அறிந்தோர்க்கு இதன் பயன் எளிதில் விளங்கும்.

துருவும் புழுவும் இல்லாத உடல்

உப்பு நீர் இரும்பைத் தின்கிறது. கப்பற்புழு மரத்தைத் துளைக்கிறது. கண்ணாடி இழையின் மேற்பூச்சினுள் நீர் புகுந்து கொப்புளங்களை உண்டாக்குகிறது. அலுமினியம் இம்மூன்று நோய்களுக்கும் ஆட்படுவதில்லை. காற்றுப் பட்ட மாத்திரத்தில் அதன் மேல் மெல்லிய ஆக்சைடுப் படலம் ஒன்று தானே தோன்றுகிறது. கீறினாலும் அது மீண்டும் படிந்துவிடும். அலுமினியப் பாத்திரத்தில் புளிக் குழம்பை வைத்திராதே என்று நம் வீட்டுப் பெரியோர் கூறுவது, புளிப்பு இப்படலத்தைக் கரைத்துவிடும் என்பதனாலேயே.

படகுக்குச் சட்டியின் அலுமினியம் உதவாது. நூற்றுக்கு நான்கு முதல் ஐந்து பங்கு வரை மக்னீசியமும் சிறிதளவு மாங்கனீசும் சேர்த்த கலப்புலோகமே கடலுக்கு ஏற்றது. 5083 என்னும் எண்ணால் வழங்கும் வகை பெரிதும் பயன்படுகிறது. இதற்கு நீர்மட்டத்திற்கு மேல் வண்ணப் பூச்சே வேண்டுவதில்லை. உலகைச் சுற்றி வந்த பல அலுமினியப் படகுகள் சாம்பல் நிற வெற்றுடலோடு காட்சி தருவது வறுமையினால் அன்று. பூச்சுக்குச் செலவிடும் பொருளும் நாளும் பயணத்திற்கு மிஞ்சுகின்றன.

இன்னும் இரண்டு நன்மைகள் உண்டு. உடலும் மேற்றளமும் ஒரே உலோகமாகப் பற்றவைக்கப் பெறுவதால், திருகாணித் துளைகளின் வழியே நீர் கசியும் தொல்லை பெரிதும் நீங்குகிறது. அலுமினியம் காந்தத்தால் ஈர்க்கப் பெறாதது ஆதலின், எஃகுப் படகில் திசைகாட்டிக்கு நேரும் பிறழ்ச்சியும் இதில் இல்லை.

கடல் கூறும் சான்றுகள்

1967-ஆம் ஆண்டில் பிரெஞ்சு மாலுமி எரிக் தபார்லி, 'பென் துயிக் மூன்று' என்னும் அலுமினியப் பாய்க்கலத்தைக் கொண்டு புகழ் பெற்ற பாஸ்ட்நெட் போட்டியில் வென்றார். விரைவுக்கு இவ்வுலோகம் ஏற்றது என்பது அதனால் வெளிப்பட்டது.

அது தாங்கும் ஆற்றலை 'தாரா' என்னும் கலம் காட்டிற்று. 36 மீட்டர் நீளமுள்ள இவ்வலுமினியக் கலம் 1989-ஆம் ஆண்டில் பிரான்சில், ழான்-லூயி எத்தியேன் என்னும் துருவ ஆய்வாளருக்காகக் கட்டப்பட்டது. 2006-ஆம் ஆண்டு செப்டம்பரில் அதனை வேண்டுமென்றே ஆர்க்டிக் பனிப்பரப்பில் உறைய விட்டனர். பனியோடு பனியாக 507 நாட்கள் நகர்ந்து, 2008 ஜனவரியில் அது வெளிப்பட்டது. நார்வே நாட்டு நான்சென் 1893-ஆம் ஆண்டில் 'பிராம்' என்னும் மரக்கலத்தில் மேற்கொண்ட பயணத்தின் வழியில் இம்முயற்சி அமைந்தது. இரண்டு கலங்களும் உருண்ட அடிப்பகுதி கொண்டவை. பனி இருபுறமும் நெருக்கும்போது, புளியங்கொட்டையை விரல்களால் அழுத்தினால் மேலே தாவுவது போல, கலம் மேலெழும். பிராமுக்கு மிகத் தடித்த மரச்சுவர் வேண்டியிருந்தது. தாராவுக்கு அலுமினியத் தகடு போதுமானதாயிற்று.

சிறிய படகுக்கும் சான்று உண்டு. அயர்லாந்தில் கட்டப்பட்ட 'நார்த்தபவுட்' என்னும் பதினைந்து மீட்டர் அலுமினியப் படகு, 2001-ஆம் ஆண்டில் கனடாவின் வடக்கே உள்ள வடமேற்குக் கடல்வழியைக் கடந்தது. 2016-ஆம் ஆண்டில் அதே படகு, ரஷ்யாவின் வடக்கே உள்ள வடகிழக்கு வழியையும் வடமேற்கு வழியையும் ஒரே பருவத்தில் கடந்து திரும்பியது.

அஞ்ச வேண்டுவன

இவ்வளவும் கேட்டபின், குறையே இல்லாத உலோகம் இது என்று எண்ணிவிடலாகாது. 1895-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கோப்பைப் போட்டிக்காக 'டிபெண்டர்' என்னும் பாய்க்கலம் கட்டப்பட்டது. கனத்தைக் குறைக்க வேண்டி, நீருக்குள் இருக்கும் பகுதியை வெண்கலத்தாலும், மேற்பகுதியை அலுமினியத்தாலும், வங்குகளை எஃகாலும் அமைத்தனர். கலம் போட்டியில் வென்றது. ஆனால் உப்பு நீர் நனைத்த மூன்று உலோகங்களும் ஒரு மின்கலம் போலாகி, அலுமினியம் அரிக்கப்பட்டது. 1901-ஆம் ஆண்டில் அதனை உடைத்துவிட்டனர். வென்ற கலத்தின் ஆயுள் ஆறே ஆண்டுகள்!

இது அலுமினியத்தின் பெரும் பகை. செம்பும் செம்பு கலந்த பித்தளை, வெண்கலம் ஆகியனவும் உப்பு நீரில் அதனைத் தொட்டால், அழிவது அலுமினியமே. படகின் அடியில் பாசியும் சிப்பியும் படியாதிருக்கப் பூசும் பூச்சுகளில் பெரும்பாலானவை செம்பு கலந்தவை. அவற்றை அலுமினியத்தின் மேல் பூசலாகாது. படகின் அடித்தளத்து ஈரத்தில் ஒரு செம்புக் கம்பித் துண்டு கவனியாமல் கிடந்தாலும் அவ்விடம் குழிபடும். உடைந்த வெப்பமானியின் பாதரசத் துளியும் அவ்வாறே தீங்கு செய்யும். மின்கம்பிகளின் கசிவும், துறையில் கட்டியிருக்கும்போது கரையிலிருந்து வரும் மின்னிணைப்பின் கசிவும் தகட்டைத் தின்னும். இவற்றைத் தடுக்கத் துத்தநாகக் கட்டிகளை உடலில் பொருத்துவர். அத்துத்தநாகம் தான் கரைந்து அலுமினியத்தைக் காக்கும். கரையக் கரைய அதனை மாற்றி வைத்தல் வேண்டும்.

நெருப்பும் ஒரு குறை. அலுமினியம் சுமார் 660 பாகை சென்டிகிரேடில் உருகும். அதற்கு முன்பே வலிவிழக்கும். ஆகவே இயந்திர அறையில் தீத்தடுப்பு இன்றியமையாதது. உலோகம் வெப்பத்தை எளிதில் கடத்துவதால், உட்புறத்தில் தடித்த காப்பு உறை இல்லாவிடில் வெயிலில் உலையாகும். குளிரில் சுவர் வியர்த்துச் சொட்டும். அலை அறையும் ஒலியும் உள்ளே மிகும். மீண்டும் மீண்டும் அசையும் இடங்களில் நாளடைவில் விரிசல் தோன்றக்கூடும். எனவே பற்றவைத்த மூட்டுகளை ஆண்டுதோறும் ஆராய்தல் நன்று.

பற்றவைப்பதும் எளிதன்று. மேலுள்ள ஆக்சைடுப் படலம் உருக அலுமினியத்தைவிடப் பன்மடங்கு வெப்பம் வேண்டும். ஆகவே முதலில் அதனைச் சுரண்டி நீக்கி, ஆர்கான் வாயுவின் காப்பில், காற்றுப் படாத இடத்தில் வேலை செய்ய வேண்டும். வெப்பம் பட்ட ஓரங்களில் தகட்டின் வலிமை குறையும். அதனை முன்னறிந்தே பொறியாளர் கணக்கிடுவர். எஃகை ஒட்டவல்ல தொழிலாளி எந்த மீன்பிடித் துறையிலும் கிடைப்பார். அலுமினியத்தை ஒட்டத் தெரிந்தவர் அவ்வாறு எங்கும் கிடைப்பதில்லை. தொலைகடற் பயணி இதனையும் எண்ணிப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

நம் நீர்நிலைகளுக்கு இதனால் யாது பயன்?

துருவக் கடலுக்கு நம்மில் எத்தனை பேர் செல்லப் போகிறோம் என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் தொலைகடலில் தேர்ந்த அறிவு உள்நாட்டு நீருக்கும் பயன்படுகிறது. 2023 ஏப்ரல் 25-ஆம் நாள் தொடங்கப் பெற்ற கொச்சி நீர் மெட்ரோவின் படகுகள், கொச்சிக் கப்பல் தளத்தில் அலுமினிய உடலோடு கட்டப்பட்டவை. இரட்டை உடல் கொண்ட அப்படகுகள் மின்கலத்தால் இயங்குகின்றன. மின்கலம் கனமானது; அக்கனத்தையும் சுமந்து நூறு பயணிகளையும் ஏற்ற வேண்டுமானால், உடலின் கனம் குறைந்தே ஆக வேண்டும். பள்ளிவாசலின் மின்சாரத்தால் அலுமினியம் பிறந்த அலுபுரத்திலிருந்து இப்படகுத் துறைகள் தொலைவில் இல்லை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். இடுக்கி மாவட்டத்துத் தேக்கடியில் 2009 செப்டம்பர் 30-ஆம் நாள் சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். வெளி மாநிலங்களிலிருந்து வந்தோர் பலர் அவர்களுள் இருந்தனர். கவிழ்வது என்பது தகட்டின் வலிமையைச் சார்ந்ததன்று. படகின் அகலம், கனத்தின் மையம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, எத்தனை பேர் எங்கே நிற்கின்றனர் என்பவற்றைச் சார்ந்தது. உலகின் மிகச் சிறந்த அலுமினியத்தால் கட்டினும், மேற்றளத்தில் கூட்டத்தை ஏற்றி ஒரே பக்கம் சாய விட்டால் படகு கவிழும். படகின் பொருள் யாது என்று கேட்பதற்கு முன், அது எத்தனை பேருக்குரியது, மிதவை அங்கி எங்கே என்று கேட்பது பயணியின் முதற் கடமை.

மற்றொரு பயனும் நம் மக்களைச் சாரும். கொச்சி, கோவா, மும்பை, விசாகப்பட்டினம் ஆகிய ஊர்களின் கப்பல் தளங்களில் தமிழ்த் தொழிலாளர் பணி செய்கின்றனர். எஃகை ஒட்டும் கை, அலுமினியத்தை ஒட்டவும் பழகிக் கொள்ளலாம். அதற்குத் தனிப் பயிற்சியும் சான்றிதழும் உண்டு. அத்திறமையுடையோர் குறைவாக இருப்பதாலேயே அதற்கு மதிப்பு மிகுதி. தொழிற்பயிற்சி நிலையத்தில் படிக்கும் பிள்ளைகளுள்ள பெற்றோர் இதனை மனத்திற்கொள்வது நலம்.

இறுதியாக, முதலில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். மலை ஆற்றின் ஆற்றலை இவ்வளவு விழுங்கிப் பிறக்கும் உலோகத்தைப் படகுக்குச் செலவிடுவது தகுமா? ஐந்து டன் உடற்கூட்டுக்கு எழுபதாயிரம் யூனிட் மின்சாரம் ஆகிறது. ஆயினும் நன்கு பேணிய அலுமினியப் படகு பல பத்தாண்டுகள் உழைக்கும். ஆயுள் முடிந்தபின் அதனை வெட்டி உருக்கினால், புதிதாக எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் நூற்றுக்கு ஐந்து பங்கே செலவாகும். ஆயுள் முடிந்த கண்ணாடி இழைப் படகையோ கரையோரத்தில் கிடத்தி வைப்பதைத் தவிர வேறு வழி எளிதில் கிடைப்பதில்லை. உருகி மீண்டும் தகடாகும் உலோகத்தில் மலை தந்த ஆற்றலின் பெரும்பகுதி அழியாமல் அடங்கிக் கிடக்கிறது என்றே கூற வேண்டும்.

ஆகவே அன்பர்களே, தொலைகடற் பயணத்திற்கு அலுமினியம் ஏற்றது என்று நாம் கூறுவது, அது எவராலும் உடைக்க இயலாதது என்பதனால் அன்று. அடிபட்டால் நெளிந்து கொடுத்து உயிரைக் காக்கும். கனத்தைக் குறைத்து உணவுக்கும் விரைவுக்கும் இடம் தரும். துருவின்றிப் பல்லாண்டு நிற்கும். கைம்மாறாக அது வேண்டுவது, செம்பையும் மின்கசிவையும் அண்ட விடாத விழிப்பு ஒன்றே. அவ்விழிப்பு உள்ளவனுக்கு அது நல்ல துணை. இல்லாதவனுக்கு ஆறாண்டில் அழிந்த டிபெண்டரே பாடம்.